இரண்டு ஃபிட் சீட்டும் ஒரு வலது கையும்

காலை ஷிஃப்ட் பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று கதவைத் திறந்தால் முதலில் இறங்குவது ஆள் இல்லை, வாசனை. நேற்று வைத்த மல்லி, டப்பாவுக்குள் வியர்த்துக்கிடக்கும் எலுமிச்சை சாதம், எல்லாவற்றுக்கும் தலைக்கு மேல் ஏறி நிற்கும் வலி ஸ்ப்ரே. யாருடைய இடுப்போ, யாருடைய தோளோ, யாருடைய முட்டியோ அதைப் பூசிக்கொண்டு வந்திருக்கும். குளிர்ந்த, மூக்கைச் சுடுகிற, பச்சை நிற வாசனை. வாசனைக்கு நிறம் உண்டா என்று கேட்பவர்கள் அந்த பஸ்ஸில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம்.

போன வாரம் அந்த வாசனை என்னைத் தாண்டிப் போனது. வல்லக்கோட்டை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். "கோமதி" என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. முன்னால் போன பெண் திரும்பிப் பார்த்து, அது நானில்லை என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த வாரம் கோமதிதான் என்று. சென்ற வாரம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நான் தொலைத்த ஒற்றைச் செருப்பைப் பற்றி எழுதினேன் அல்லவா, வந்த கடிதங்களில் பாதி செருப்பு கிடைத்ததா என்று கேட்கின்றன. கிடைக்கவில்லை. ஆகவே கைக்கு வருவோம்.

காருக்கு நரம்பு கட்டுகிறவர்கள்

எங்கள் பக்கம் கார் செய்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். காருக்குள் ஓடும் ஒயர்களை எல்லாம் கூந்தல் மாதிரி வாரிச் சேர்த்துக் கட்டுகிறவர்கள் தனியே இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அப்படி ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில், சில வருஷங்களுக்கு முன்னால், வாரத்துக்கு இரண்டு நாள், சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கம்பெனியின் புதுக் கார்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு சூரியன். அத்தனை சூரியனையும் முதுகில் வாங்கிக்கொண்டு நான் "குட் ஆஃப்டர்நூன்" சொல்வேன்.

கோமதி ஒயர் கட்டும் லைனில் ஏழாவது மேஜை. வல்லக்கோட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். முப்பது வயதிருக்கும். நாலாவது படிக்கிற ஒரு மகள். ஒயர் நுனியை கனெக்டருக்குள் கட்டைவிரலால் அழுத்துவது அவள் வேலை. சரியாக உட்கார்ந்தால் க்ளிக் என்று ஒரு சத்தம் வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை க்ளிக், க்ளிக். மழைக்காலத்துத் தவளைகூட நடுவில் மூச்சு வாங்கும்.

ஒருநாள் வகுப்பில் அவள் கையிலிருந்து பேனா விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது.

"கை தூங்கிப்போவுது மிஸ்" என்றாள். "நான் முழிச்சிக்கினு கீறேன். அது பாட்டுக்குத் தூங்கிக்கினு கீது."

காலையில் மகளுக்குப் பின்னல் போட முடியவில்லையாம். போட்டாலும் பள்ளிக்கூட வாசலை எட்டுவதற்குள் அவிழ்ந்துவிடுகிறதாம். லைனில் கனெக்டர்கள் கீழே விழ ஆரம்பித்திருந்தன. இன்னும் கொஞ்சம் விழுந்தால் லைனிலிருந்தே எடுத்துவிடுவார்கள். மேனேஜர் கெட்டவர் இல்லை. சட்டதிட்டத்தை இஸ்திரி போட்டு உடுத்துகிறவர், அவ்வளவுதான். அவர் சொன்னது இது: மாசக் கடைசி சனிக்கிழமை மேஜை மாற்றிக் கொடுப்போம், கைக்கு லேசான வேலை கொடுக்கச் சொல்லி டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி வந்தால், க்ளிக் இல்லாத மேஜைக்கு, கட்டி முடித்த ஒயரைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்கிற மேஜைக்கு, மாற்றிவிடுவேன்.

ஒரு சீட்டு. கேட்க எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

எல்லாருக்கும் ஒரே காய்ச்சல்

தொழிற்பேட்டையில் நாலைந்து கம்பெனிகளுக்குச் சேர்த்து ஒரு மருத்துவ அறை இருந்தது. வியாழக்கிழமை மட்டும் டாக்டர் வருவார். அந்த வருஷம் வந்தவர் டாக்டர் ரூபாலி. அஸ்ஸாம்காரர். கணவருக்கு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேலை. வந்து சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழில் அவருக்கு "வாங்க" தெரியும், "போங்க" தெரியும். நடுவில் இருக்கிற எதுவும் தெரியாது. தமிழ் பேசுகிற சிஸ்டர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். ஆகவே உள்ளே போகிற ஒவ்வொருவரும் தம் வலியைத் தாமே ஆங்கிலத்தில் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

கோமதி முதல் வியாழக்கிழமை தைரியமாகப் போனாள். வியாதிக்கு அவளிடம் ஒரு ஆங்கில வாக்கியம் தயாராக இருந்தது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாரிடமும் இருக்கிற அதே வாக்கியம்.

"ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று ஆரம்பித்திருக்கிறாள்.

டாக்டர் அவள் வாயில் தெர்மாமீட்டரை வைத்தார். காய்ச்சல் இல்லை. இவள் விடாமல், "கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்" என்று லீவ் லெட்டரை முழுதாக ஒப்பித்து, "தாங்கிங் யூ, யுவர்ஸ் ஒபிடியண்ட்லி" வரைக்கும் போயிருக்கிறாள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சரியாக இருந்தது. சீட்டில் "ஃபிட்" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

மறுநாள் வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். உடம்பு சரியில்லை என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றேன். அத்தனை பேருக்கும் காய்ச்சல். அத்தனை பேருக்கும் இரண்டு நாள். நமக்கு வருகிற வியாதிகளுக்குக் கணக்கில்லை. ஆங்கிலத்தில் மட்டும் நமக்கு ஒரே ஒரு வியாதி.

நடுவில் கொஞ்சம் அப்பா

இதைச் சொல்லும்போது அப்பா குறுக்கே வந்து நிற்கிறார், அனுப்பிவிட முடியாது.

அப்பா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் செய்யும்போது தமிழ், டாக்டரிடம் போனால் ஆங்கிலம். ஆண்டவருக்குத் தமிழ் புரியும், டாக்டரைப் பற்றி அப்படிச் சொல்லமுடியாது என்பார். அந்த டாக்டரோ நாலு தெரு தள்ளி இருந்த சுத்தத் தமிழர். அதெல்லாம் அப்பாவுக்குப் பொருட்டே இல்லை. வியாதியைத் தமிழில் சொன்னால் சின்ன மாத்திரை தருவார்கள் என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

ஒருமுறை வயிறு கெட்டுப்போய், முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் போட்டு, பித்தானை எல்லாம் மாட்டிக்கொண்டு போனார். கூடப் போனவள் நான். டாக்டர் முன்னால் நின்று, தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விழைகிறேன் என்ற தோரணையில், "ஐ பெக் டு ரிப்போர்ட்" என்று தொடங்கினார். டாக்டர் முழுதும் கேட்டுவிட்டு, எத்தனை வாட்டி போச்சு என்றார். அப்பா யோசித்து, "ரிப்பீட்டட்லி சார்" என்றார். அதற்குள் நாலாவது வாக்கியத்துக்குக் காத்திருக்க முடியாமல் வெளியே ஓடவேண்டியிருந்தது. பித்தான்கள் அத்தனை இருந்ததை அன்றைக்குத்தான் அவர் நொந்துகொண்டார்.

சரி, அப்பா உட்காரட்டும்.

வெள்ளைக் கோட்டு

இரண்டாவது வியாழக்கிழமைக்கு நான் கோமதியைத் தயார் செய்தேன். ஒரே வாக்கியம். என் வலது கை மரத்துப்போகிறது. போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். நானே உள்ளே வந்து டாக்டரிடம் சொல்கிறேன் என்றேன். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள் என்பது ஒரு தடை; ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு.

"கை என்னுது மிஸ். நானே சொல்றேன்."

போனாள். மூன்று நிமிஷத்தில் வந்தாள். கையில் சீட்டு. "ஃபிட்."

என்ன நடந்தது என்று கேட்டேன். கதவைத் திறந்ததும் டாக்டர் நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, கையில் காகிதம் மாட்டிய ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு, "எனி ப்ராப்ளம்?" என்றாராம். கோமதியின் முதுகு தானாக நிமிர்ந்திருக்கிறது. வாய் தானாகத் திறந்திருக்கிறது.

"நோ ப்ராப்ளம் மேடம். எவ்ரிதிங் அண்டர் கண்ட்ரோல்."

வேறு யாராவது இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் அவர்களைத் திட்டியிருப்பேன். சொல்லிக்கொடுத்தது நான்.

விஷயம் இதுதான். எங்கள் தொழிற்சாலைக்கு அவ்வப்போது வெளிநாட்டிலிருந்து ஆடிட்டர் வருவார். ஒயர் வாங்குகிற கார் கம்பெனி, வேலையின் தரம் பார்க்க அனுப்புகிற ஆள். வாசலில் அவருக்கு ஒரு வெள்ளைக் கோட்டு போட்டுவிடுவார்கள். அட்டையும் பேனாவுமாக லைனில் நடந்து வந்து, யாராவது ஒருவர் முன்னால் நின்று, திடீரென்று ஆங்கிலத்தில் கேட்பார். பதில் பிசகினால் ஆர்டருக்கே ஆபத்து. என்னை அந்தக் கம்பெனி முதலில் கூப்பிட்டதே இதற்காகத்தான். முதுகை நிமிர்த்து, கண்ணைப் பார், சின்னதாகப் பதில் சொல், குறை மட்டும் வாயில் வரக்கூடாது என்று மாதக்கணக்கில் பழக்கினேன். சாப்பாட்டுத் தட்டு கழுவுகிற இடத்தில்கூட நின்று, சாம்பார் எப்படி என்று கேட்பேன். "எவ்ரிதிங் அண்டர் கண்ட்ரோல்" என்று வரிசையே சொல்லும். அப்போது எனக்கு எவ்வளவு பெருமை.

வெள்ளைக் கோட்டு, அட்டை, கண்ணாடி, ஆங்கிலம். டாக்டர் ரூபாலி பாவம், தலை முதல் கால் வரை ஆடிட்டராக இருந்தார். அந்தத் தொழிற்பேட்டையிலேயே ஆரோக்கியமான ஜனங்கள் எங்கள் கம்பெனிக்காரர்கள்தான் என்று அவர் யாரிடமோ வியந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இரண்டு ஃபிட் சீட்டையும் மேனேஜர் கோமதியின் ஃபைலில் கோத்துவைத்தார். காகிதத்தில் அவளைவிடத் திடகாத்திரமான ஆள் ஒரகடத்தில் இல்லை. சனிக்கிழமைக்கு இன்னும் ஒரே ஒரு வியாழக்கிழமைதான் பாக்கி.

குறை சொல்லும் வகுப்பு

கட்டியதை அவிழ்ப்பது என்று முடிவு செய்தேன். அடுத்த வகுப்பில் கதவைச் சாத்தி, ஆளுக்கு மூன்று குறை சொல்லாமல் யாரும் டீக்குப் போகமுடியாது என்றேன். ஆங்கிலத்தில்.

எல்லாரும் சாத்திய கதவைப் பார்த்தார்கள். கடைசியில் லோகு அண்ணன் எழுந்தார். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வகுப்பிலேயே மூத்தவர்.

"இங்கிலீஷ்ல கொறை சொன்னா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கன்னு நீதான சொன்னம்மா?"

"நான்தான்ணே சொன்னேன். இப்ப நான்தான் சொல்லுங்கறேன்."

"அப்ப மொதல்ல அந்த டீ" என்றார். டீயில் பால் இல்லை, பாலுடைய ஞாபகம்தான் இருக்கிறது என்றார். அதை ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன். கை தட்டினார்கள். அவ்வளவுதான், ஏரி மதகைத் திறந்த மாதிரி ஆயிற்று. ஃபேன் சுற்றுகிறது, காற்று வருவதில்லை. பஸ் வருகிறது, நிற்பதில்லை. தெற்கேயிருந்து வந்த ஒரு பெண் தன் விடுதி வார்டனைப் பற்றி ஒரு வினைச்சொல்கூட இல்லாமல் ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் குறை சொன்னாள், எல்லாருக்கும் புரிந்தது. டீ நேரம் முடிந்தும் யாரும் எழவில்லை.

பிறகு உடம்புக்கு வந்தோம். பலகையில் மனித உருவம் ஒன்று வரைந்தேன். காஸ் சிலிண்டருக்குக் கைகால் முளைத்த மாதிரி வந்தது. இதுக்கு மொதல்ல வைத்தியம் பாக்கணும் என்றார் லோகு அண்ணன். அந்தச் சிலிண்டரின் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுத் தொட்டு நாலு கேள்வி வைத்துக்கொண்டோம். எங்கே? எப்போதிருந்து? எப்போது அதிகம்? அதனால் என்ன செய்யமுடியவில்லை? இரண்டு நாற்காலி போட்டு, ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் நோயாளி, பிறகு இடம் மாற்றி. டாக்டர் நாற்காலிக்குத்தான் அடிதடி.

கோமதியின் நாலாவது பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஐ கேன்னாட் ப்ளெய்ட் மை டாட்டர்ஸ் ஹேர்." அதைச் சொல்லும்போது இடது கை வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது, கூட்டத்தில் குழந்தையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

வியாழக்கிழமைக்கு நாங்கள் தயார். நடுவில் புதன்கிழமை என்று ஒன்று இருப்பதை யோசிக்கவில்லை.

ஸ்லோவாக்கியா

புதன் காலை மேனேஜர் எனக்குப் போன் செய்தார். முன்கூட்டிச் சொல்லாமல் ஆடிட்டர் வந்துவிட்டார், ஸ்லோவாக்கியாக்காரர், நீங்கள் பக்கத்தில் இருந்தால் எங்களுக்குத் தெம்பு என்றார். ஓடினேன். வாசலில் லோகு அண்ணனைப் பார்த்தபோது அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். ரொம்ப தூரம் என்றேன். செங்கல்பட்டு தாண்டியா என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஆடிட்டர் நெடு நெடுவென்று இருந்தார். தலையில் முடி இல்லை. வெள்ளைக் கோட்டின் கை அவருக்கு முழங்கையோடு நின்றுவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் பக்கத்தில் நின்று, அட்டையைப் பார்த்து, "எனி டிஃபிகல்ட்டி?" என்றார்.

லோகு அண்ணன் கோட்டைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். முதுகை நிமிர்த்தவில்லை. மாறாகக் குனிந்து வலது முட்டியைத் தொட்டுக் காட்டினார். தீபாவளியிலிருந்து என்றார். வண்டியில் ஏறும்போது அதிகம் என்றார். அதனால் கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கிறது என்று, நான் சொல்லிக்கொடுத்த நாலு கேள்விக்கும் வரிசைப்படி, பிழையில்லாமல் பதில் சொன்னார்.

மேனேஜரின் சிரிப்பு அங்கேயே இருந்தது. முகம்தான் அதை விட்டுப் போய்விட்டது.

அடுத்த மேஜையில் தலைவலி. அதற்கடுத்த மேஜையில் நெஞ்செரிச்சல், சாப்பாட்டுக்குப் பிறகு அதிகம். நாலாவது மேஜைப் பெண் தன் உடம்பில் எதுவும் கிடைக்காமல் மாமியாருக்குச் சர்க்கரை என்று சொன்னாள். ஆடிட்டர் தன் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இதற்கு அவரிடம் கட்டம் இல்லை.

மேனேஜர் என் காதருகே குனிந்தார். "என்ன மிஸ் சொல்லிக் குடுத்தீங்க?"

டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்வது என்றேன்.

"அவரு டாக்டரா மிஸ்?"

அதற்குள் ஏழாவது மேஜை வந்துவிட்டது. கோமதி நாலு வாக்கியத்தையும் சொன்னாள். மெதுவாக, ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிற மாதிரி. பின்னல் வாக்கியத்தில் ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். நகரச் சொன்னார். அவள் இடத்தில் தானே நின்று, ஒயரை எடுத்து கனெக்டரில் அழுத்தினார். க்ளிக் வரவில்லை. மறுபடி அழுத்தினார். வந்தது. இருபது போட்டிருப்பார். பிறகு கையை உதறிக்கொண்டு எழுதினார். மேஜையில் ஒயர் கட்டுகிற பலகையின் உயரம் சரியில்லை. இந்த இடத்தில் வேலை செய்பவரின் கையை டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டும்.

ஆடிட்டர் எழுதினால் எழுதியதுதான். பலகையை அன்றைக்கே இறக்கிப் போட்டோ எடுத்தார்கள். மிச்சம் இருந்தது டாக்டர். மேனேஜர் நிம்மதியாகத்தான் இருந்தார். நாளைக்கும் டாக்டர் ஃபிட் என்று எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது. ஏற்கெனவே இரண்டு முறை எழுதியவர்தானே என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மூன்றாவது ஃபிட் வந்தால் கோமதி ஏழாவது மேஜைதான், கனெக்டர்கள் விழுந்துகொண்டே இருக்கும்வரை.

சாயங்காலம் அவளிடம், இன்றைக்குச் சொன்னதையே நாளைக்கும் சொல் என்றேன்.

"அவரு போயிடுவாரு மிஸ், அவராண்ட சொல்லிட்லாம்" என்றாள். "டாக்டரம்மா நம்மளயே பாத்துக்கினு இருப்பாங்க. வாயத் தொறந்தா அந்த நோ ப்ராப்ளம்தான் வந்து குந்திக்குது."

மூன்றாம் வியாழன்

மருத்துவ அறைக்கு வெளியே இரும்பு நாற்காலிகள். சுவரில் கை கழுவும் முறை பற்றி ஆறு படங்கள். நான் ஆறாவது படம்வரை பார்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். முட்டியோடு வந்திருந்த லோகு அண்ணன் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோமதி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

மூன்று நிமிஷம் ஆயிற்று. வரவில்லை. ஐந்து. உள்ளே அவள் குரல், தாழ்வாக, நிற்காமல். பிறகு டாக்டர் குரல். பிறகு மறுபடி அவள். கால் மணி நேரம் தாண்டியதும் வரிசையில் இருந்த ஒருவர், இன்னாமா, உள்ள ஆபரேஷனா நடக்குது என்றார். திடீரென்று இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. லோகு அண்ணன் என்னைப் பார்த்தார். சிரிப்பு எந்தக் கேள்விக்குப் பதில் என்று எனக்கும் தெரியவில்லை.

கதவு திறந்தது. கோமதியின் வலது மணிக்கட்டில் கருப்பாக ஒரு பட்டை, கட்டைவிரல் வரைக்கும். இடது கையில் நீளமான சீட்டு. ஆறு வாரத்துக்கு அழுத்துகிற வேலை கூடாது, பார்க்கிற மேஜையில் உட்காரவைக்கவும், கைக்குப் பயிற்சி, பிறகு வந்து காட்டவும். நான் இரண்டு முறை படித்தேன். ஃபிட் என்ற சொல் எங்கேயும் இல்லை.

நடந்ததை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். கதவைத் திறந்ததும் வழக்கம்போல் அதே கேள்வி. வழக்கம்போல் இவள் வாயில் அதே பதில். டாக்டர் முத்திரையை எடுத்துவிட்டார். மைப்பெட்டியில் ஒற்றி, சீட்டுக்கு மேலே தூக்கியாயிற்று.

"அது எறங்குது மிஸ். எனக்குப் பேச்சே வரல. அந்தக் கையப் புடிச்சிட்டேன். இந்தக் கையாலதான் புடிச்சேன். புடிச்சது நிக்கல, அப்டியே நழுவிடிச்சி. டாக்டரம்மா ஸ்டாம்ப அப்டியே வெச்சிட்டு, இன்னொருவாட்டி புடின்னாங்க. புடிச்சேன். அப்பவும் நழுவிடிச்சி. அதுக்கப்புறம் எல்லாம் வந்திச்சி மிஸ், நாலும் வந்திச்சி. நாலுக்கு மேலயும் வந்திச்சி."

நாலுக்கு மேல் என்ன என்று கேட்டேன். டீயைப் பற்றிச் சொன்னாளாம். பஸ்ஸைப் பற்றியும்.

சனிக்கிழமை

மேனேஜர் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கோமதியின் பெயரைப் பார்க்கிற மேஜைக்கு மாற்றி எழுதினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மரியாதையாகக் காப்பி கொடுத்து, ஆங்கிலம் இதுவரைக்கும் போதும் என்றார். எல்லாரும் நன்றாகவே பேசுகிறார்கள் என்றார். அதை மறுக்க என்னால் முடியவில்லை.

பலகையைத் துடைத்தேன். சிலிண்டர் மனிதனின் தலை போனது, தோள் போனது, வயிறு போனது. வெளியே கார்களின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு கண்ணாடியாகச் சூரியனை அணைத்துக்கொண்டே. எனக்கு ஒரு இடத்தில் ரொம்ப நாள் நிற்க வராது. ஆனாலும் அந்தக் கேன்டீனின் புளித்த மாவு வாசனையைக் கொஞ்சம் சேர்த்து இழுத்துக்கொண்டேன்.

கோமதி பஸ் ஏறும் இடம்வரை கூட வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா இப்போதைக்குப் பின்னல் போட்டுவிடுகிறாளாம். மகளுக்கு அது பிடிக்கவில்லையாம், ரொம்ப இறுக்கமாம். ஆறு வாரம் பொறுத்துக்கச் சொல்லியிருக்கேன் என்றாள். ஷிஃப்ட் பஸ் திரும்பி வந்து நின்றது. கதவு திறந்தது. படியில் ஒரு கால் வைத்தவள், ஏதோ ஞாபகம் வந்து நின்றாள். அன்றைக்கு உள்ளே எதற்குச் சிரித்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை, அவளே ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்லல மிஸ். அந்தம்மா நாள் பூரா சாய்மானமே இல்லாத ஸ்டூல்ல குந்திக்கினு கீறாங்க. எழுந்திருக்கசொல்ல டேபிளப் புடிச்சாங்க. நான் வுடல. எங்க, எப்பலேர்ந்து, எப்ப ஜாஸ்தின்னு எல்லாத்தயும் கேட்டுட்டேன்."

"சொன்னாங்களா?"

"மொதல்ல சிரிச்சிட்டாங்க. நானும் சிரிச்சிட்டேன். அப்பறம் சொன்னாங்க. முதுவு. ஊர்லேர்ந்து வந்ததுலேர்ந்தே கீதாம். வூட்டுக்காரராண்டகூட சொல்லலியாம்."

டிரைவர் ஹாரன் அடித்தார். கோமதி இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலுக்கு வந்து, வெளியே குனிந்தாள்.

"குனியக்கூடாதுன்னு சொல்லிட்டேன் மிஸ். வியாழக்கெழம வந்து காட்டச் சொல்லிக்கீறேன்."